வலி இருந்தவரை எங்கள் கட்சி

மனு கொடுக்கப் போன இடத்தில் முட்டியைப் பார்க்கச் சொன்னார்கள்.

எங்கள் தொழிலில் இது பழகிப்போன சங்கதி. நான் பிசியோதெரபிஸ்ட். பாளையங்கோட்டையில் கிளினிக் வைத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால், பக்கத்து இலைக்காரர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "குனிஞ்சா இங்கன சுள்ளுங்குது, என்னன்னு பாத்துச் சொல்லுங்க" என்பார். துஷ்டி வீட்டில்கூட ஒரு அம்மா அழுகையை நிறுத்திவிட்டுக் குதிகாலைக் காட்டியிருக்கிறாள். காட்டிவிட்டு மறுபடி அழப் போனாள். பல் டாக்டரிடம் யாராவது பந்தியில் வாயைத் திறந்து காட்டுகிறார்களா? வக்கீலிடம் வாய்தா கேட்கிறார்களா? எங்களைக் கண்டால் மட்டும் ஊருக்கே ஒரு உரிமை வந்துவிடுகிறது.

ஆனால் சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில், எங்கள் பிசியோதெரபிஸ்ட் சங்கத்தின் கோரிக்கை மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுமா? அவருடைய உதவியாளர் வேட்டியை ஏற்றிக் காலை ஸ்டூலில் தூக்கி வைத்துவிட்டார்.

"படி எறங்கையில கடகடங்குது டாக்டரம்மா. அண்ணாச்சி வாரதுக்குள்ள ஒரு பார்வ பாத்துருங்க."

மனுவைக் கூட வந்திருந்த சங்கச் செயலாளரிடம் நீட்டிவிட்டு முட்டியைப் பிடித்துப் பார்த்தேன். என்ன செய்ய, கை தானாகப் போய்விடுகிறது. செயலாளர் என்னைவிடப் பத்து வயது இளையவர், நல்ல பையன், எதற்கும் கோபப்படாதவர். சங்கத்தில் எல்லோரும் சேர்ந்து அவரைச் செயலாளராக்கியதற்குக் காரணமே அதுதான். கோபப்படும் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார்கள்.

எந்தத் தொகுதி, எந்தக் கட்சி என்று சொல்லப்போவதில்லை. நாளைக்கும் நான் இந்த ஊரில்தான் இருந்தாக வேண்டும்.

நான் அங்கே போய் நின்றதற்குக் காரணம் ஒரு மீனவரின் வலது கை. குலசேகரன்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். சொந்தமாகச் சின்னப் படகு. ஒரு நாள் விடியலில் வலை போய் எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொண்டது. அறுத்துவிடக் குனிந்தவரின் கத்தி, படகு ஆடிய ஆட்டத்தில் உள்ளங்கையில் இறங்கிவிட்டது. நடு விரலையும் மோதிர விரலையும் மடக்குகிற நாண்கள் அறுந்துவிட்டன. ஊரில் நரம்பு என்பார்கள், நாங்கள் தசைநாண் என்போம். திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில் அரசு காப்பீட்டு அட்டையை வைத்து ஆபரேஷன் ஆயிற்று. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தைத்த டாக்டரின் வேலை அவ்வளவு சுத்தம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பம். தைத்த நாணை அப்படியே விட்டால் சுற்றியிருக்கும் சதையோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் விரல் மடங்கவும் மடங்காது, நீளவும் நீளாது. ஒட்டக் கூடாது என்று வெடுக்கென்று இழுத்தாலோ தையல் அறுந்துபோகும். இந்த இரண்டுக்கும் நடுவில், இன்றைக்கு எவ்வளவு, நாளைக்கு எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து அசைக்க வேண்டும். அதுதான் எங்கள் வேலை. முதல் மூன்று மாதம் கோட்டைவிட்டால் பிறகு தலைகீழாக நின்றாலும் பழைய கை வராது.

முதல் நாள் பெண்சாதியோடு வந்திருந்தார். விரல் அசையாமல் தாங்கும் கட்டையும் கட்டுமாக இருந்த கையின் மேல் ஒரு லேஞ்சியைச் சுற்றியிருந்தார். கைக்குட்டைக்குக் கடற்கரையில் அப்படித்தான் சொல்வார்கள். அதைப் பையப் பைய அவிழ்த்துவிட்டுக் கேட்டார்.

"சுக்கான் புடிக்க முடியுமா டாக்டரம்மா?"

"முடியும். நான் சொல்லுதபடி வந்தா முடியும்."

"வந்துருதேன். மாதா மேல ஆணையா வந்துருதேன்."

"இவுக வரலன்னாலும் நான் இழுத்துட்டு வாரேன்" என்றாள் பெண்சாதி. மீன் விற்கிறவள். குரல் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

அவரிடம் நான் ஃபீஸ் வாங்கவில்லை. பேச்சு அதுவல்ல. அவர் ஊரிலிருந்து திசையன்விளைக்கு ஒரு பஸ், அங்கிருந்து பாளையங்கோட்டைக்கு இன்னொரு பஸ். வருவதற்கு ஒரு காலை, போவதற்கு ஒரு சாயங்காலம். தையல் போட்ட கையைக் கூட்டத்தில் யாரும் இடித்துவிடக் கூடாதே என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறுகையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். கூட வருகிற பெண்சாதிக்கு அன்றைக்கு மீன் விற்பனை கிடையாது. இப்படி வாரத்தில் எத்தனை தடவை வர முடியும்? அவர்களும் மனுஷர்கள்தானே.

பக்கத்தில் ஆள் இல்லையா என்றால், இருந்தாள். என்னிடம் வேலை பழகிய பெண் ஒருத்தி திசையன்விளையிலேயே கிளினிக் போட்டிருந்தாள். நல்ல கைக்காரி. ஷட்டரை இழுத்து மூடிவிட்டு வளைகுடாவுக்குப் போய்விட்டாள். ஏன் போனாள்? ஆபரேஷனுக்குக் காப்பீடு உண்டு, அது முடிந்தபின் செய்கிற பயிற்சிக்குக் காப்பீடு கிடையாது. கைக்காசு போட்டு யார் வருவார்கள்? வராத ஊரில் கிளினிக்கை வைத்துக்கொண்டு ஈ ஓட்டவா?

ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் இருந்தவருக்குப் போன் போட்டேன்.

"அட்மிஷன் உண்டா மேடம்?"

"வெரல மடக்கதுக்கு எதுக்குங்க அட்மிஷன்?"

"அட்மிஷன் இல்லன்னா பேக்கேஜ் இல்ல மேடம்."

"ஆபரேஷனுக்கு மட்டும் குடுத்தியளே?"

"அது அட்மிஷன் மேடம்."

"இந்தப் பயிற்சி இல்லன்னா செஞ்ச ஆபரேஷனே வீணாப் போயிரும். அது தெரியுதா ஒங்களுக்கு?"

"வீணாப் போனா மறுபடி ஆபரேஷனுக்கு அப்ளை பண்ணலாம் மேடம். அதுக்குப் பேக்கேஜ் உண்டு."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுஷன் கிண்டலுக்குச் சொல்லவில்லை. எனக்கு உதவி செய்கிற எண்ணத்தோடுதான் சொன்னார். நான் வேண்டுமானால் சிகிச்சை அவசியம் என்று எழுதித் தருகிறேனே என்றேன். "நீங்க எழுதக் கூடாது மேடம், டாக்டர்தான் எழுதணும்" என்றார். டாக்டர் எழுதினால் கிடைக்குமா என்றேன். "அட்மிஷன் உண்டா?" என்று ஆரம்பித்த இடத்துக்கே வந்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று சொல்வார்கள். பூசாரி பாவம், இங்கே ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் வரம் என்று சாமியே எழுதி வைத்திருக்கிறது.

அந்த எரிச்சலோடுதான் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். இரண்டே கோரிக்கை. ஆபரேஷனுக்குப் பிந்தைய பயிற்சிக்குப் படுக்கை நிபந்தனை கூடாது. எங்கள் தொழிலில் எங்கள் எழுத்துக்கு மதிப்பு வேண்டும். இதைத் தீர்மானமாகப் போட அரை மணி நேரம் போதும். ஆனால் பெயர்ப் பலகையில் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடலாமா கூடாதா என்று ஒருவர் ஆரம்பித்தார். அவ்வளவுதான், பொழுது சாயும்வரை அதுதான் நடந்தது. ஒருவர் நீதிமன்றம் என்றார், ஒருவர் கேரளம் என்றார், ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளிநடப்பு செய்துவிட்டு வடைக்குத் திரும்பி வந்தார். "பேருக்கு முன்னால என்ன வேணும்னாலும் போட்டுக்கிடுங்கய்யா, அங்க ஒரு கை ஒட்டிக்கிட்டு இருக்கு" என்று நான் கத்தியபிறகுதான் மனுவே எழுதப்பட்டது.

அந்த மனுவோடுதான் உதவியாளரின் முட்டிக்கு முன்னால் நின்றேன்.

உறுப்பினர் வந்தார். எல்லோரும் எழுந்து கும்பிட்டார்கள். அவர் இடது கையை மட்டும் தூக்கினார். தோளிலிருந்து நழுவிய துண்டையும் இடது கையால்தான் எடுத்துப் போட்டார். வலது கை விலாவோடு ஒட்டிக்கிடந்தது. அவர் உட்காருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

செயலாளர் மனுவை வாசிக்க ஆரம்பித்தார். "மாண்புமிகு" என்று தொடங்கி இரண்டாவது பத்திக்கு வருவதற்குள் உறுப்பினர் செல்போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணாச்சி, அந்த வலது கையக் கொஞ்சம் தூக்குங்க பாப்போம்."

திடுக்கிட்டுத் தூக்கினார். மார்பு உயரம் வரை வந்து நின்றுவிட்டது. முகம் கோணிற்று.

"அந்தப் பக்கமாப் படுக்க முடியாதே? சட்ட போடும்போது உயிர் போகுமே? சக்கர உண்டா?"

"உண்டு. ஏ யம்மா, ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" போனைக் கீழே வைத்துவிட்டார். "ஊசி போட்டாச்சு, எண்ண தேச்சாச்சு, சுளுக்கு எடுக்கவன்ட்டயும் காட்டியாச்சு. மேடையில தலைவருக்கு மால போட முடியல. பக்கத்துல நிக்கவன் போடுதான், நான் வேடிக்க பாக்கேன்."

தோள் இறுகியிருக்கிறது, தொடர்ந்து பயிற்சி கொடுத்தால் சரியாகும் என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுக்கெல்லாம் இன்சூரன்ஸ் கெடையாதா?"

"படுத்தா உண்டு அண்ணாச்சி."

"தோளுக்கு எதுக்கும்மா படுக்கணும்?"

"அதத்தான் நாங்களும் கேக்கோம்."

மனுவை அவரே வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுசாகப் படித்தார். மேசையைத் தட்டப் போனவர் வலி ஞாபகம் வந்து கையை மாற்றித் தட்டினார். "அநியாயமால்லா இருக்கு! வார கூட்டத்தொடர்ல மக்கள் நல்வாழ்வுத் துறை மானியக் கோரிக்க வரும்லா, அதுல நான் பேசுதேன். விடமாட்டேன்."

வெளியே வந்ததும் செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை. டீக்கடையில் இரண்டு டீ சொன்னார். "யக்கா, அந்தத் தோளுல வலி இருக்க வரைக்கும் அவரு நம்ம கட்சி" என்றார்.

அன்றிலிருந்து கிளினிக் திறப்பதற்கு முன்னால் தினமும் அவர் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. கிளினிக்குக்கு வந்தால் கூட்டம் கூடிவிடுமாம். சரி, அந்த மீனவருக்கும் சேர்த்துத்தானே இந்தப் பாடு என்று போனேன். கட்டிலில் சாய்த்து, கையைப் பிடித்து மெதுவாக மேலே கொண்டுபோவேன். இறுக்கம் வந்த இடத்தில் நிறுத்திப் பிடிப்பேன். அந்த வலியில்தான் அவருக்குப் பேச்சு பிறக்கும்.

"ஏ... யம்மா! எழுதிக்கிடும்வே! படுக்கை நிபந்தனையை இந்த அரசு உடனடியாக... ஆத்தாடி... உடனடியாக நீக்க வேண்டும்னு எழுதும்!"

உதவியாளர் கட்டில் காலருகே ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுவார். கையைச் சுழற்றினால் கிராமப்புற மக்கள் படும் பாட்டைப் பற்றி வரும். பின்பக்கம் கொண்டுபோனால் தாலுகாவுக்கு ஒரு பிசியோதெரபி நிலையம் என்று வரும். அப்படி ஒரு உரையை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மீனவரைப் பற்றியும் சொன்னேன். "பாவம்லா. அவனுக்கும் சேத்துத்தான் பேசப் போறேன்" என்றார். மனசாரத்தான் சொன்னார்.

இங்கே தோள் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. அங்கே மீனவர் வருவது குறைந்துகொண்டிருந்தது. வாரத்தில் மூன்று தடவை வந்தவர் ஒரு தடவை வந்தார். பிறகு அந்த ஒன்றும் தவறிற்று. போன் போட்டால் பெண்சாதி எடுப்பாள். "வீட்டுலயே செய்யுதாவ டாக்டரம்மா" என்பாள். வீடியோவில் காட்டச் சொன்னேன். கடற்கரை ஊரில் சிக்னல் கிடைக்க அவர் மாதா கோயில் பக்கம் நடந்து போய் நிற்பார். கையைத் தூக்கிக் காட்டுவார், படம் அப்படியே உறைந்துவிடும். விரல் அசையவில்லையா, படம் அசையவில்லையா என்று தெரியாமல் நான் இங்கிருந்து "மடக்குங்க, மடக்குங்க" என்று கத்திக்கொண்டிருப்பேன். கிளினிக்கில் காத்திருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு விரலை மடக்கினார்கள்.

ஒரு மாதம் கழித்து நேரில் வந்தார். தையல் அறுந்துவிடுமோ என்ற பயத்தில், கழற்ற வேண்டிய கட்டையைக் கழற்றாமல் வைத்திருந்திருக்கிறார். கழற்றிவிட்டு விரலை மடக்கிப் பார்த்தேன். இரண்டு விரலும் பாதி மடங்கிய இடத்தில் நின்றுபோயிருந்தன. "இப்பிடி விட்டுட்டியளே! நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று கூப்பாடு போட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பெண்சாதியின் அந்தப் பெரிய குரல் எங்கே போயிற்றோ, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். யார்மேல் கோபமோ அவர்களைப் பார்த்துக் கத்த எனக்கு வாய்க்கவில்லை, எதிரில் இருந்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அன்று முழுக்க அந்தக் கையோடு மல்லுக்கட்டினேன். கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் பார்த்தால் இன்னும் கொடுக்கும். ஆனால் அவர் கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

கூட்டத்தொடர் தேதி நெருங்கிற்று. உறுப்பினரின் கை காது உயரத்துக்கு வந்துவிட்டது. முன்பு கட்டிலில் கேட்ட "ஆத்தாடி" இப்போது கேட்பதில்லை. கையைத் தூக்கும்போதே போனில் யாருடனோ பாலம் கட்டுவது பற்றிப் பேசினார். உதவியாளர் வைத்திருந்த உரையில் எங்கள் பக்கங்கள் குறைந்து, கால்வாய், பஸ் நிலையம், சமுதாயக் கூடம் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான்.

செயலாளர் ஒரு நாள் கிளினிக்குக்கு வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"யக்கா, நான் சொல்லுதேன்னு கோவப்படாதிய. அந்தத் தோளக் கொஞ்சம் மிச்சம் வையுங்க. கூட்டத்தொடர் முடியட்டும், அப்புறம் எடுத்துக்கிடலாம்."

"ஏன் தம்பி, தோளு என்ன கடையில நிறுத்துக் குடுக்க சாமானா, மிச்சம் வைக்கதுக்கு? பேசாமப் போயிரும்."

போய்விட்டார். நானும் யோசிக்காமல் இல்லை. மறுநாள் அவர் வீட்டுக்குப் போகும்போது இன்றைக்குச் சும்மா தடவிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்றே நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் இறுகிய மூட்டு ஒன்று கையில் வந்து, இன்னும் நாலு விரற்கடை போகும் என்று தெரிந்துவிட்டால், எங்களால் விட முடியாது. எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அன்று அந்த நாலு விரற்கடையும் வந்துவிட்டது. கை தலைக்கு மேலே நேராக நின்றது. உறுப்பினர் குழந்தை மாதிரிச் சிரித்தார். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குக் காபி வந்தது. நான் எங்கள் சங்கத்தின் ஒரே ஆதரவைக் குணப்படுத்திவிட்டு, அந்தக் காபியையும் குடித்துவிட்டு வந்தேன். உலகத்தில் வேறு எந்தத் தொழில்காரியாவது இப்படி ஒரு காரியம் செய்வாளா?

அவை முடிந்த அன்று, அவர் பேசிய காட்சியை உதவியாளர் செல்போனில் அனுப்பினார். செயலாளரும் நானும் கிளினிக்கில் உட்கார்ந்து பார்த்தோம். உறுப்பினர் எழுந்தார். பேரவைத் தலைவருக்கு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஒரு கும்பிடு போட்டார் பாருங்கள், என் கண் முதலில் போனது தோளுக்குத்தான். காதை உரசிக்கொண்டு நேராகப் போயிற்று. கோணல் இல்லை, பதற்றம் இல்லை. எனக்குப் பெருமை பொங்கிவிட்டது. சீ என்று என்மேலேயே எரிச்சலும் வந்தது.

பேசினார். தலைவரைப் பாராட்டினார். கால்வாயைத் தூர்வாரச் சொன்னார். பாலம் கேட்டார், பஸ் நிலையம் கேட்டார். மணி அடித்தார்கள். காகிதத்தை மடித்துக்கொண்டே, "நிறைவாக, எங்கள் பகுதியிலே கை கால்களைப் பிடித்துவிடுகின்ற மருத்துவர்கள் மிகச் சிறப்பாகப் பணியாற்றுகிறார்கள். அவர்களுக்கும் அரசு ஆவன செய்ய வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்" என்றார். மேசையைத் தட்டினார்கள். அவரும் வலது கையால் ஓங்கித் தட்டினார். அவ்வளவுதான்.

"ஆவன செய்யணும்னு சொல்லிட்டாருல்லா யக்கா" என்றார் செயலாளர்.

"என்னத்த ஆவன! கை கால் பிடிச்சு விடுதவியளாம்ல நாம!"

ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்தால் நீ யாரோ நான் யாரோ என்பார்கள். எங்கள் தாமிரபரணியில் எத்தனையோ பாலம் வந்துவிட்டது. பழமொழி மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த வாரமே மீனவரை ஆபரேஷன் செய்த டாக்டர் கூப்பிட்டுப் பார்த்தார். நாண் முழுக்க ஒட்டிக்கொண்டுவிட்டது, மறுபடி திறந்து பிரித்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். காப்பீட்டுக்கு எழுதினார்கள். கேட்ட கையோடு அனுமதி வந்துவிட்டது. காப்பீட்டுப் பிரிவுக்காரர் சந்தோஷத்தில் அவராகவே எனக்குப் போன் போட்டார்.

"சொன்னேன்லா மேடம், பேக்கேஜ் உண்டுன்னு."

"சரிங்க. அது முடிஞ்ச மறுநாளே பயிற்சி தொடங்கணும். விட்டா மறுபடி ஒட்டிக்கிடும். அதுக்கு?"

"டிஸ்சார்ஜ் வரைக்கும் உண்டு மேடம்."

"அதுக்கப்புறம்?"

"அட்மிஷன் இல்லல்லா மேடம்."

போனை வைத்துவிட்டேன். முதலிலேயே திசையன்விளையில் ஒரு பெண்ணை உட்கார வைத்திருந்தால் இந்த இரண்டாவது கத்தியே தேவையில்லை. அதற்கு வழியில்லையாம், இதற்கு வழி உண்டாம். இதை நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொண்டு சொல்வது?

கோபம் தலைக்கேறினால் நான் யோசிப்பதில்லை. ஆபரேஷன் தேதி குறித்துக்கொண்டு கிளினிக்குக்கு வந்த மீனவரையும் அவர் பெண்சாதியையும் அப்படியே காரில் ஏற்றி உறுப்பினர் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். வாசலில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க டாக்டரம்மா! ஏ, எல்லாரும் பாருங்கவே" என்று வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். "கைராசிக்காரம்மா."

"அண்ணாச்சி, இவருக்கு ஒரு கை குடுங்க."

அரசியல்வாதி அல்லவா, கேட்டதும் நீட்டினார். மீனவர் லேஞ்சியை அவிழ்த்தார். கூச்சத்தோடு தன் கையைக் கொடுத்தார். உறுப்பினர் இறுக்கிப் பிடித்தார். அந்தக் கை திருப்பிப் பிடிக்கவில்லை. இரண்டு விரல் கொக்கி மாதிரி நின்று அவர் உள்ளங்கையில் குத்திற்று. குனிந்து பார்த்தார்.

"என்னய்யா, கை இப்பிடி இருக்கு?"

"ஒங்க தோளும் இப்பிடித்தான் இருந்துச்சு அண்ணாச்சி. ஒங்களுக்குத் தெனமும் வீட்டுக்கே வந்தேன். இவரு வீட்டுப் பக்கம் போக ஆள் கெடையாது. அதுக்குத்தான் ஒங்கள்ட்ட மனு குடுத்தோம்."

அவர் அந்தக் கையை விடவில்லை. விடத் தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். கண்ணில் என்னவோ வந்துதான் போயிற்று.

"அடுத்த கூட்டத்தொடர்ல இத மட்டுமே பேசுதேன். சத்தியமா."

"அதுக்குள்ள இவருக்கு ரெண்டாவது ஆபரேஷன் முடிஞ்சு, அதுவும் ஒட்டிக்கிடும் அண்ணாச்சி."

"எழுதிக்கிடும்வே" என்று உதவியாளரைப் பார்த்துச் சொன்னார். அதற்குள் யாரோ சமுதாயக் கூடத்துக்கு அடிக்கல் நாட்ட நேரமாகிறது என்றார்கள். கையை விட்டுவிட்டு வண்டியில் ஏறினார்.

கேட் வரை உதவியாளர் கூடவே வந்தார். நொண்டிக்கொண்டு வந்தார்.

"டாக்டரம்மா, அந்த முட்டி இன்னும்..."

"மனுவா எழுதிக் குடுங்க. ஆவன செய்யுதேன்."

பஸ் நிறுத்தத்தில் அவர்களை இறக்கிவிட்டு நானும் கூட நின்றேன். வெயில் சுள்ளென்று அடித்தது. பெண்சாதி பையை மடியில் வைத்துக்கொண்டு நடைமேடையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. கூட்டிப் போய் இந்த மனுஷனை நாலு பேர் முன்னால் வேடிக்கைப் பொருளாக்கிவிட்டோமோ என்று வேறு அரித்தது. அவர் லேஞ்சியைக் கையில் சுற்றிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"அந்தக் கை ஒங்க வேலதானா டாக்டரம்மா? சொழத்திக் காட்டுனாரே?"

"ஆமா."

"நல்லாத் தூக்குதாரு." பஸ் வருகிற திசையை எட்டிப் பார்த்தார். "எனக்கு அவ்வளவெல்லாம் வேண்டாம். சுக்கான் புடிக்க மடங்குனாப் போதும்."

திசையன்விளை பஸ் வந்தது. பெண்சாதி முன்னால் ஏறி இடம் பிடித்தாள். அவர் கட்டிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு, இடது கையால் கம்பியைப் பிடித்து ஏறினார்.